உட்கார்ந்திருப்பவனுக்கும் ஓர் ஆட்டம்

ராகுல் டிராவிட் 2015-இல், தேசிய அணிக்கு அடுத்த நிலையில் உள்ள இந்தியா ஏ அணிக்கும் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். தன்னோடு ஏ அணிச் சுற்றுப்பயணத்துக்கு வரும் எவரும் ஓர் ஆட்டமாவது ஆடாமல் ஊர் திரும்ப மாட்டார்கள் என்று வீரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். சொன்னபடியே ஆடவும் வைப்பார். அதற்கான காரணத்தையும் அவர் பின்னாளில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். இளம் வயதில் சுற்றுப்பயணம் போய், வாய்ப்பே கிடைக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிய அனுபவம் அவருக்கும் உண்டு. ஒரு பருவம் முழுக்க ரன்களைக் குவித்து அணியில் இடம்பிடித்தவன் ஆடாமலேயே திரும்பினால், தேர்வுக் குழுவின் கண்ணில் மீண்டும் பட வேண்டி அடுத்த பருவம் அதே ரன்களை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். அந்த வேதனையைத் தன் கீழ் ஆடும் எவருக்கும் தரக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

டெஸ்ட் போட்டிகளில் அவர் எடுத்த 13,288 ரன்களைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டு, மாலை நேரங்களில் மாணவர்களின் கிரிக்கெட்டையும் கவனித்துக்கொள்ளும் எனக்கு, அந்த ரன்கள் அத்தனையையும்விட மேலே சொன்ன இந்த ஒரு வழக்கமே அவருடைய வாழ்க்கையின் பெரிய சாதனையாகத் தெரிகிறது. மட்டையாளராக அவர் பட்டவற்றையும் பயிற்சியாளராக அவர் செய்தவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே நூலில் கோத்தவை என்பது விளங்கும்.

எங்கள் பகுதிக்குக் கர்நாடக அணி அயலார் அணி அன்று. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். பெங்களூரு பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் சின்னசாமி மைதான வாசலில் போய் நிற்கலாம். அதனால் டிராவிட் இந்தியாவுக்கு ஆடும் முன்பே, மாநில அணிகள் மோதும் ரஞ்சி ஆட்டங்களின் ஸ்கோர் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடையே அவர் பெயர் இங்கே புழக்கத்தில் இருந்தது. 1991-இல் பதினெட்டு வயதில் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானவர், இந்தியாவின் டெஸ்ட் அணிக்குள் நுழைந்தது 1996 ஜூனில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் அவருக்குக் காத்திருப்புதான். லார்ட்ஸ் மைதானத்தில் ஏழாவது ஆளாக இறங்கி 95 ரன்கள் எடுத்தார். அதே ஆட்டத்தில் அறிமுகமான கங்குலி 131 ரன்கள் எடுத்ததால் மறுநாள் பேச்செல்லாம் அவரைப் பற்றியதாக இருந்தது. டிராவிடின் முதல் டெஸ்ட் சதம் 1997 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் வந்தது.

ஒருநாள் போட்டிகளில் வேகம் போதவில்லை என்று 1998-இல் அவரை அணியிலிருந்து விலக்கி வைத்தார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் எல்லா அணிகளையும் சேர்த்து மிக அதிக ரன்கள் எடுத்தவர் அவரே, 461 ரன்கள். விலக்கப்படுவதும், குறை கூறாமல் திரும்பி வருவதும் அவருக்குப் பழகிப்போனது அப்போதிருந்துதான் என்று நினைக்கிறேன்.

2001 மார்ச்சில் கொல்கத்தாவில் நடந்த டெஸ்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் லட்சுமணனின் 281 ரன்களில் தொடங்குவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அந்த இன்னிங்ஸில் லட்சுமணன் மூன்றாவதாக இறங்கியதற்கு டிராவிட் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பலரும் கடந்துபோய்விடுகிறார்கள். முதல் இன்னிங்ஸில் 171 ரன்களுக்குச் சுருண்டு, 274 ரன்கள் பின்தங்கி, மீண்டும் ஆட நேர்ந்த அணியில், வழக்கமான மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு அவர் இறக்கப்பட்டார். ஒரு மட்டையாளருக்கு, அதிலும் அந்த இடத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டவருக்கு, அது சாதாரணச் செய்தியாக இருந்திருக்காது. அவர் வந்து நின்றார். மார்ச் 14 அன்று, ஆட்டத்தின் நான்காம் நாள் முழுவதும், ஆஸ்திரேலியாவின் மெக்ராத், கில்லெஸ்பி, வார்ன் ஆகியோரால் ஒரு விக்கெட்டையும் வீழ்த்த முடியவில்லை. வெயிலில் உடல் நீர் வற்றி, கால் தசைகள் பிடித்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து 376 ரன்கள் எடுத்தார்கள். சதம் அடித்ததும், எப்போதும் அமைதியானவர் என்று பெயர்பெற்ற டிராவிட், செய்தியாளர்கள் இருந்த பக்கம் திரும்பிக் கோபத்தோடு மட்டையை ஆட்டினார். இறுதியில் 180 ரன்களில் ரன் அவுட் ஆனார். இந்தியா 171 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. அந்தக் கோபத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இடம் இறக்கப்பட்டவனுக்கு வலிக்கும் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த வலியைத் தெரிந்தவர் பின்னாளில் பயிற்சியாளரானதுதான் இந்திய இளைஞர்களுக்குக் கிடைத்த பேறு.

அதன் பிறகும் அணி கேட்ட வேலையெல்லாம் செய்தார். கூடுதலாக ஒரு மட்டையாளரைச் சேர்க்க வழிசெய்ய வேண்டும் என்பதற்காக 2003 உலகக் கோப்பையில் விக்கெட் கீப்பராக நின்றார். இந்தியா இறுதிப் போட்டி வரை சென்றது. அதே ஆண்டு டிசம்பரில் அடிலெய்டில் 233, ஆட்டமிழக்காமல் 72 என்று இரண்டு இன்னிங்ஸிலும் நின்று ஆடி வெற்றி பெற்றுத் தந்தார். தலைவராக அவருக்கு வெற்றியும் உண்டு, 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறிய கசப்பும் உண்டு. அதே ஆண்டு நடந்த முதல் டி20 உலகக் கோப்பைக்கு, இளைஞர்கள் ஆடட்டும் என்று அவரும் சச்சினும் கங்குலியும் ஒதுங்கிக்கொண்டார்கள். 2011-இல் இங்கிலாந்தில் அணியே தடுமாறியபோது, 38 வயதில் லார்ட்ஸ், டிரெண்ட் பிரிட்ஜ், ஓவல் மூன்றிலும் சதமடித்தார். அந்தப் பயணத்தில் மான்செஸ்டரில் ஆடியதுதான் அவர் இந்தியாவுக்காக ஆடிய ஒரே சர்வதேச டி20. 2012 மார்ச்சில் ஓய்வை அறிவித்தபோது, டெஸ்ட் வரலாற்றில் மிக அதிகப் பந்துகளை எதிர்கொண்டவர் அவர், 31,258 பந்துகள்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு முன்னால் வசதியான வழிகள் பல இருந்தன. வர்ணனையாளராகலாம், நேரடியாக தேசிய அணிக்குப் பயிற்சியாளராகும் பேச்சுக்கும் இடம் கொடுத்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது தொலைக்காட்சியில் அதிகம் வராத ஏ அணியையும், மீசை அரும்பாத பையன்களையும்.

2015 டிசம்பரில் டெல்லியில் ஆற்றிய பட்டோடி நினைவுச் சொற்பொழிவில், வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் போட்டிகளில் ஆடும் வழக்கத்தை அவர் மிகக் கடுமையாகச் சாடினார். அது மோசடியே என்றார். பள்ளி அளவில் வேலை செய்பவர்களுக்கு அந்தச் சொற்பொழிவின் கனம் நன்றாகப் புரியும். மாவட்ட அளவிலான போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் வாரத்தில், பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொடுக்க முடியுமா என்று கேட்டு வருகிற பெற்றோர் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு பெரிய பையன் இரண்டு வயது குறைத்துக் காட்டி அணிக்குள் வந்தால், உண்மையிலேயே பதினான்கு வயதான ஒருவன் வெளியே உட்கார வேண்டும். டிராவிட் அந்த வெளியே உட்கார்பவனின் பக்கத்திலிருந்து பேசினார் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

அதே சிந்தனையின் தொடர்ச்சியாகத்தான், ஒரு வீரர் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஒருமுறைதான் ஆடலாம் என்று 2016-இல் கிரிக்கெட் வாரியம் விதித்த கட்டுப்பாட்டைப் பார்க்கிறேன். அந்த ஆண்டு மிர்பூரில் நடந்த இறுதிப் போட்டியில் டிராவிடின் அணி மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றிருந்தது. வெற்றி மட்டுமே நோக்கமாக இருந்தால், அனுபவம் பெற்ற அதே பையன்களில் வயது மீதமிருந்தவர்களை 2018-க்கும் வைத்திருப்பதே லாபம். நம் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தருக்கு வயது இருந்தது. ஆனால் அடுத்த உலகக் கோப்பை வருமுன்பே, 2017 டிசம்பரில், அவர் இந்தியாவின் பெரிய அணிக்கே ஆடிவிட்டார். புதிய பையன்களோடு நியூசிலாந்து போன டிராவிட், 2018 பிப்ரவரி 3 அன்று மவுண்ட் மவுங்கனுயியில் ஆஸ்திரேலியாவை எட்டு விக்கெட்டில் வென்று கோப்பையோடு திரும்பினார். பிரித்வி ஷா தலைவர். சுப்மன் கில் தொடரின் சிறந்த வீரர். இறுதிப் போட்டியில் மன்ஜோத் கல்ரா ஆட்டமிழக்காமல் 101.

அந்த வெற்றிக்கு வாரியம் அறிவித்த பரிசில் டிராவிடுக்கு 50 லட்சம், வீரர்களுக்குத் தலா 30 லட்சம், துணைப் பயிற்சியாளர்களுக்குத் தலா 20 லட்சம் என்று இருந்தது. உடன் உழைத்த பயிற்சிக் குழுவில் எல்லோருக்கும் ஒரே தொகைதான் வேண்டும் என்று அவர் கேட்டார். முடிவில் அவர் உட்படப் பயிற்சிக் குழுவினர் அனைவருக்கும் தலா 25 லட்சம் ஆனது. 2024-இல் டி20 உலகக் கோப்பை வென்றபோதும் இதையே செய்தார். தனக்கென ஒதுக்கப்பட்ட 5 கோடியை மற்றத் துறைப் பயிற்சியாளர்களுக்கு இணையாக 2.5 கோடியாகக் குறைத்துக்கொண்டார். ஆறு ஆண்டு இடைவெளியில் ஒரே முடிவை இரண்டு முறை எடுத்தவரை, விளம்பரத்துக்காகச் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி எங்கள் பள்ளியைப் பற்றி ஒரு செய்தி. குறுவட்டப் போட்டிகளுக்கு வேனில் பதினைந்து பேரை அழைத்துப்போவோம். அவர்களில் நான்கு பேர் தண்ணீர் பாட்டில், கையுறை, ஸ்கோர் நோட்டு ஆகியவற்றோடு வேலி ஓரத்தில் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், தந்தை காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் சுமை இறக்குபவர், ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் பேடைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பான், "சார், நான் எறங்கட்டுமா?" என்று கேட்பான். அவன் கட்டியிருந்த பேடின் வார் அறுந்துபோய்ச் சணல் கயிற்றால் முடியப்பட்டிருக்கும். வேனில் ஏறும் எல்லோரும் ஓர் ஆட்டமாவது ஆட வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் நான் சொன்னபோது, அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஜெயிச்சாதானே சார் மாவட்டத்துக்குப் போக முடியும்?" என்றார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நீண்ட நேரம் பேசி, முதல் சுற்று ஆட்டத்தில் பதினைந்து பேரிலிருந்து கடைசி நான்கு பேரையும் கட்டாயம் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். அந்தப் பையன் ஆறாவதாக இறங்கி, மேட் விரித்த அந்தப் பிட்சில், ஓரத்து ஆணியில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தில் ஆட்டமிழந்தான். எடுத்தது சில ரன்கள்தான். அடுத்த நாளிலிருந்து பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து மேட்டை உருட்டி எடுத்துவருபவன் அவனே. உடற்கல்வி ஆசிரியர் இப்போது இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டாம் என்கிறார்.

பெரிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக டிராவிட் முதன்முதலாகப் போனது 2021 ஜூலையில் இலங்கைக்கு. முதன்மை அணி இங்கிலாந்தில் இருந்ததால் இரண்டாவது அணியொன்று அவர் பொறுப்பில் சென்றது. இரண்டாவது ஒருநாள் ஆட்டத்தில் 276 என்ற இலக்கைத் துரத்தி, 193 ரன்களுக்கு ஏழு விக்கெட்டுகளை இழந்த நிலையில், பந்துவீச்சாளரான தீபக் சாகர் ஆட்டமிழக்காமல் 69 ரன்கள் எடுத்து வெற்றி பெற்றுத் தந்தார். ஏ அணிக் காலத்திலேயே தன் மட்டை வீச்சை டிராவிட் நம்பியிருந்தார் என்று ஆட்டம் முடிந்ததும் சாகர் சொன்னார். தொடரை வென்றாகிவிட்ட நிலையில் மூன்றாவது ஆட்டத்தில் ஒரே நாளில் ஐந்து பேர் அறிமுகமானார்கள். வென்ற அணியை மாற்றாதே என்பது கிரிக்கெட்டில் ஊறிப்போன நம்பிக்கை. அதைத் தயங்காமல் மீறினார்.

சேலம் மாவட்டம் வாழப்பாடி அருகே 2020 பிப்ரவரியில் நடந்த கிரிக்கெட் மைதானத் திறப்பு விழாவுக்கு டிராவிட் வந்திருந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. அந்த ஆண்டு இறுதியில் சின்னப்பம்பட்டி நடராஜன், பயிற்சியில் மட்டும் பந்து வீசும் வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்று, அடுத்த ஜனவரிக்குள் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். நடராஜனின் வளர்ச்சிக்கான பெருமை அவரை இனங்கண்டு வளர்த்தவர்களுக்கும் தமிழ்நாடு பிரீமியர் லீக்குக்கும் உரியது. அதை டிராவிட் கணக்கில் எழுதுவது சரியாகாது. ஆனால் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் 328 ரன்களைத் துரத்தி வென்ற அந்த டெஸ்டில் கில், பந்த், சுந்தர், சிராஜ் ஆகியோர் செய்ததைப் பார்த்தபோது, நாடே டிராவிடை நினைத்துக்கொண்டது. நால்வரும் இளையோர் அணியிலோ ஏ அணியிலோ அவரிடம் இருந்தவர்கள். தனக்குத் தேவையில்லாத பெருமை வருகிறது, பையன்களுக்கே அது உரியது என்று அவர் விலகிக்கொண்டார்.

2021 நவம்பரில் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். இந்தக் காலத்தைப் பற்றி எனக்கு முழுத் திருப்தி இல்லை. 2022 டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்திடம் பத்து விக்கெட் தோல்வி. 2023 ஜூனில் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பந்துவீச்சாளர் அஸ்வினை வெளியே உட்கார வைத்தார்கள். எதிரணியில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி என்று இடதுகை ஆட்டக்காரர்கள் வரிசையாக இருந்தார்கள். ஹெட் 163 ரன்கள் எடுத்தார். இந்தியா 209 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. ஆடுகளத்தின் ஈரமும் மேக மூட்டமும் காரணமாகச் சொல்லப்பட்டன. உட்கார்ந்திருப்பவனின் வலியை இத்தனை நன்றாக அறிந்தவர் அந்த முடிவில் பங்கேற்றார் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஆண்டு நவம்பர் 19 அன்று, பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றுவிட்டு அகமதாபாத்தில் தோற்றது வேறு வகை. அன்று ஹெட் நம்மைவிட நன்றாக ஆடினார், அவ்வளவே.

அத்தோடு விலகவிருந்தவரைத் தொலைபேசியில் அழைத்துத் தொடரச் சொன்னவர் ரோகித் சர்மா. அதன்பின் இங்கிலாந்துக்கு எதிரான 2024 டெஸ்ட் தொடரில், ஐதராபாத்தில் தோற்று, கோலி இல்லாமல், காயங்களால் அணி சிதறியிருந்தபோது, பட்டிதார், சர்ஃபராஸ், ஜுரெல், ஆகாஷ் தீப், படிக்கல் என ஐந்து பேர் அறிமுகமானார்கள். இந்தியா 4-1 என்று வென்றது. ராஞ்சியில் ஜுரெல் எடுத்த 90 ரன்களும், ஆட்டமிழக்காத 39 ரன்களும் இல்லையென்றால் அந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும். என்னைக் கேட்டால், தலைமைப் பயிற்சியாளர் டிராவிடின் சிறந்த வேலை ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனில் ஏழு ரன்களில் வென்ற டி20 உலகக் கோப்பையைவிட இந்தத் தொடரே. அந்தக் கோப்பையைக் கோலி டிராவிட் கையில் கொடுத்தபோது அவர் கத்திய கத்தலைப் பார்த்து நானும் கண் கலங்கினேன்தான். 2007-இல் மேற்கிந்தியத் தீவுகளில் பட்ட அவமானம் அன்று துடைக்கப்பட்டது என்று பலரும் எழுதினார்கள். அப்படிப்பட்ட பழைய கணக்குத் தீர்ப்பில் தனக்கு ஈடுபாடு இல்லை என்பதே அவர் பேச்சின் சாரம். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.

பிறகு ஓர் ஐபிஎல் பருவம் ராஜஸ்தான் அணியோடு. பெங்களூருவில் கிளப் ஆட்டம் ஆடிக் காலில் அடிபட்டு, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலுமாக மைதானத்துக்கு வந்தார். 52 வயதில் அவர் கிளப் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார் என்பதை எங்கள் பையன்களிடம் சொன்னபோது நம்ப மறுத்தார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று, பதினான்கு வயது வைபவ் சூரியவன்ஷி 35 பந்துகளில் சதமடித்தபோது, அந்தக் காலோடு நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். அணி ஒன்பதாம் இடத்தில் முடித்தது. ஆகஸ்டில் அவர் விலகினார்.

அடுத்து அவர் எங்கே போவார் என்று அப்போது எழுந்த பேச்சில் ஐபிஎல் அணிகளின் பெயர்களே அடிபட்டன. மீண்டும் ஏ அணிக்கும் இளையோர் அணிக்கும் அவர் வர வேண்டும் என்பதே என் விருப்பம். தேசிய கிரிக்கெட் அகாடமியில் அவருக்குப் பின் பொறுப்பேற்றவர், கொல்கத்தாவில் மூன்றாம் இடத்தில் இறங்கிய அதே லட்சுமணன். பெங்களூரு விமான நிலையப் பக்கம் 2024-இல் திறக்கப்பட்ட புதிய பயிற்சி மையத்தில் வசதிகளுக்குக் குறைவில்லை. அங்கிருந்து புறப்படும் ஏ அணியில் பதினைந்தாவது ஆளாக இடம்பிடிப்பவன் கிருஷ்ணகிரிக்காரனாகவும் இருக்கலாம், தர்மபுரிக்காரனாகவும் இருக்கலாம். அவனுக்கும் ஓர் ஆட்டம் உண்டு என்று விமானம் ஏறுமுன்பே சொல்லிவிடும் பயிற்சியாளர் அந்த அணிக்கு வேண்டும்.